முதுகுச் சுமையும் மீகாங் ஆறும்



பிறநாடுகளைக் காணச் செல்வோர் இரு வகையினர். ஒரு சாரார் பயண நிறுவனத்திடம் பணத்தைக் கட்டிவிட்டு, அது காட்டும் இடங்களைக் கண்டு, அது தரும் உணவை உண்டு, குறித்த நாளில் வீடு திரும்புவர். மற்றொரு சாரார் தமக்கு வேண்டியவற்றை ஒரு பையில் இட்டு முதுகில் மாட்டிக்கொண்டு, பேருந்திலும் படகிலும் அந்நாட்டு மக்களோடு மக்களாய்ச் செல்வர். முன்னது வசதியான வழி. அதனை நான் குறை கூறவில்லை. ஆயினும் நானும் என் மனைவியும் இரண்டாம் வழியைத் தேர்ந்தெடுத்து, தாய்லாந்தின் வடகோடியில் தொடங்கி, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் ஆகிய நாடுகளை ஆறு வாரங்களில் கண்டு வந்தோம். அப்பயணம் எங்களுக்குக் கற்பித்தவற்றுள் சுமையைப் பற்றிய பாடத்தை மட்டும் இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் எங்கள் சுமையைக் கூறுகிறேன். என் பை எட்டுக் கிலோ; அவளுடையது ஆறு. மாற்றுடை இரண்டு, மெல்லிய போர்வை ஒன்று, சில மருந்துகள், ஒரு தட்டு, ஒரு கரண்டி, குறிப்பேடு, கடவுச்சீட்டு இவ்வளவே. புறப்படுமுன் மூன்று நாட்கள் எங்கள் வீட்டில் பெரிய வழக்கே நடந்தது. நான் எடுத்து வைத்த தடித்த நூல்களை அவள் வெளியே வைப்பாள். அவள் எடுத்து வைத்த ஊறுகாய்ப் புட்டியை நான் வெளியே வைப்பேன். இறுதியில் ஒரு விதி செய்துகொண்டோம். அவரவர் பையை அவரவரே சுமந்து மாடிப்படியை மூன்று முறை ஏறி இறங்க வேண்டும். இயலாவிடில் ஒரு பொருள் குறைய வேண்டும். வழியில் புதிதாக ஒன்று சேர்ந்தால் பழையது ஒன்று போகவேண்டும். தேவை எது, ஆசை எது என்று பிரித்தறிய இதனினும் நல்ல தேர்வு எனக்குத் தெரியாது.

எங்களுக்கு வழிகாட்டியாய் அமைந்தது மீகாங் ஆறு. திபெத்தியப் பீடபூமியில் பிறந்து, 4,300 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, ஆறு நாடுகளைத் தொட்டு, தென்சீனக் கடலில் கலக்கிறது அது. சீனர் அதனை லான்சாங் என்பர். தாய்லாந்து மக்கள் மே நாம் கோங் என்பர். அம்மொழியில் ‘மே’ என்றால் தாய், ‘நாம்’ என்றால் நீர். கடலை அணுகும்போது பல கிளைகளாய்ப் பிரிவதால் வியட்நாமியர் அதற்கு ஒன்பது டிராகன்கள் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினர்.

தாய்லாந்தின் சியாங் கோங் என்னும் ஊரையும் எதிர்க்கரையிலுள்ள லாவோஸ் நாட்டின் ஹுவாய் சாயையும் 2013 ஆம் ஆண்டில் திறந்த பாலம் இணைக்கிறது. அதனைக் கடந்து, லுவாங் பிரபாங் செல்லும் நீண்ட மரப்படகில் ஏறினோம். இரண்டு பகல் பயணம். இடையில் பாக்பெங் என்னும் சிற்றூரில் ஓர் இரவு. பழைய மோட்டார் வண்டிகளினின்று கழற்றிய இருக்கைகளே படகின் இருக்கைகள். அரிசி மூட்டையும் கோழிக் கூடையும் எங்களுடன் வந்தன. அருகிருந்த மூதாட்டி ஒருவர் மூங்கிற்கூடையைத் திறந்து, ஆவியில் வெந்த ஒட்டரிசிச் சோற்றை எங்கள்பால் நீட்டினார். அதனை விரல்களால் உருட்டி, துவையலில் தோய்த்து உண்பதே அந்நாட்டு முறை. கையால் உண்பது நமக்குப் பிறவிப் பழக்கமன்றோ! நாங்கள் உண்ட விதத்தைக் கண்டதும் படகே சிரித்து மகிழ்ந்தது. பை நிறைய உணவு கொண்டு சென்றிருந்தால் அந்தக் கூடை எங்களுக்காகத் திறந்திராது. குறைவாகக் கொண்டு செல்பவன் பிறரை நாடித்தான் ஆகவேண்டும். அவ்வாறு நாடும்போதே பிறர் என்ன சுமக்கின்றனர் என்பதையும் அவன் அறியத் தொடங்குகிறான்.

லாவோஸ் மக்கள் சுமப்பது என்ன? 1964 முதல் 1973 வரை, வியட்நாம் போரின் நிழலில், அமெரிக்க வானூர்திகள் அச்சிறு நாட்டின்மீது 20 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தன. கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் மட்டும் சுமார் 27 கோடி என்பது மதிப்பீடு. அவற்றுள் ஏறத்தாழ 30 விழுக்காடு வெடியாமல் மண்ணுள் தங்கிவிட்டன. உழவன் மண்வெட்டியை ஓங்கும்போதும், சிறுவன் பந்தென்று எண்ணி எடுக்கும்போதும், போர் முடிந்து அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் அவை வெடிக்கின்றன. அத்தகைய குண்டுகளைத் தடை செய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 2010 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதனை ஏற்ற நாடுகளின் முதற்கூட்டம் அவ்வாண்டிலேயே லாவோஸின் தலைநகரான வியந்தியானில் நடைபெற்றது மிகவும் பொருத்தமே.

லுவாங் பிரபாங்கின் இரவுச் சந்தையில் ஒரு பெண் அலுமினியக் கரண்டிகளை விற்றுக்கொண்டிருந்தாள். சியெங் குவாங் மாநிலத்துச் சிற்றூரில், போர்க்காலத்து உலோகத்தை உருக்கி வார்த்தவை அவை. மரணம் கொண்டுவந்த உலோகம் சோறூட்டும் கருவியாயிற்றே என்று நான் வியந்தேன். என் மனைவியோ, “நாம் வாங்கினால் இன்னும் உலோகம் தேடி ஒருவர் அக்காட்டுக்குள் போகமாட்டாரா? அங்கே கால் இழந்தவர் எத்தனை பேரோ!” என்றாள். “வாங்காவிட்டால் இவள் இன்றிரவு எதைக் கொண்டு உண்பாள்?” என்றேன் நான். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. நெடுநேரம் பேசிய பின் ஒரே ஒரு கரண்டியை வாங்கினோம். விதிப்படி, வீட்டிலிருந்து கொண்டு சென்ற எஃகுக் கரண்டியை விடுதி அம்மையாரிடம் கொடுத்துவிட்டோம். பின்னர் வியந்தியானில், குண்டால் ஊனமுற்றோர்க்குச் செயற்கை உறுப்புகள் கிடைக்க உதவும் நிலையத்தில் எங்களால் இயன்றதைச் செலுத்தினோம். ஆயினும் அவ்வழக்கு எங்கள் இல்லத்தில் இன்றளவும் தீர்ப்பாகவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவனையும் வினாவுக்கு உள்ளாக்குவதே நல்ல பயணம் என்று நினைக்கிறேன்.

லாவோஸின் தென்கோடியில் கோன் அருவிகள் ஆற்றை மறிக்கின்றன. இவ்வாற்றின் வழியே சீனத்துக்குக் கப்பல் விடலாம் என்று கனவு கண்ட பிரெஞ்சுக்காரர் 1866 இல் சைகோனிலிருந்து ஓர் ஆய்வுக் குழுவை அனுப்பினர். அருவி அக்கனவைக் கலைத்தது. பின்னாளில் அவர்கள் சரக்குகளை ஏற்றி அருவியைச் சுற்றிச் செல்லத் தீவுகளில் அமைத்த சிறு இருப்புப்பாதையின் எஞ்சின் இன்று துருப்பிடித்து நிற்கிறது.

அங்கிருந்து எல்லையைக் கடந்து கம்போடியாவின் தலைநகரான நோம் பென் சேர்ந்தோம். மீகாங்கும் டோன்லே சாப் ஆறும் கூடும் இடம் அது. மழைக்காலத்தில் மீகாங் பெருகும்போது, டோன்லே சாப் தன் போக்கை மாற்றிப் பின்னோக்கி ஓடி, வடக்கிலுள்ள பேரேரியை நிரப்புகிறது. மழை ஓய்ந்ததும் மீண்டும் கடல்நோக்கித் திரும்புகிறது. ஆறு திரும்பும் அக்காலத்தை மக்கள் படகுப் போட்டியுடன் விழாவாய்க் கொண்டாடுகின்றனர்.

அதே நகரில் டூல் ஸ்லெங் என்னும் கட்டடம் உள்ளது. அது முன்பு ஓர் உயர்நிலைப் பள்ளி. 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் அது சிறையாயிற்று. வகுப்பறைகளைச் செங்கற்சுவரால் சிற்றறைகளாகப் பிரித்தனர். அங்கே அடைக்கப்பட்டோர் 14,000 பேருக்கு மேல். பிழைத்தவர் மிகச் சிலரே. என் மனைவி பள்ளி ஆசிரியை. ஓர் அறையின் வாயிலில் அவள் நெடுநேரம் நின்றாள். வெளியே வந்த பின், “கரும்பலகை இருந்த சுவர் எதுவென்று பார்த்தேன்” என்று மட்டும் சொன்னாள். மாணவர்களே, பள்ளி எந்நாளும் பள்ளியாகவே இருக்குமென்பது தானே நிகழ்வதன்று. ஒவ்வொரு தலைமுறையும் அதனைக் காத்தாக வேண்டும்.

இறுதியாகப் படகில் வியட்நாமின் கழிமுகத்துக்குச் சென்றோம். கான் தோ நகரருகே கை ராங் மிதவைச் சந்தையில், வணிகர் தாம் விற்கும் அன்னாசியையோ பூசணியையோ நீண்ட கழியில் கட்டித் தொங்கவிடுவர். அதுவே விளம்பரப் பலகை. சாலைகளும் பாலங்களும் பெருகியதால் அச்சந்தை சுருங்கி வருகிறது. மேலே கட்டிய அணைகள் வண்டலைத் தடுப்பதாலும் கடல்மட்டம் உயர்வதாலும் கழிமுக வயல்களில் உவர்நீர் ஏறுகிறது. மேலே ஒரு நாடு செய்வதைக் கீழே மற்றொரு நாடு சுமக்கிறது.

நீங்களும் ஒருநாள் பயணம் புறப்படுவீர்கள். அயல்நாடாயினும் அடுத்த மாவட்டமாயினும், கருத்து மாறுபடும் ஒரு துணையோடு செல்லுங்கள். நான் கரண்டியைக் கண்டபோது அவள் காட்டைக் கண்டாள். உங்கள் பையை நீங்களே சுமக்கும் அளவுக்குச் சிறிதாக்குங்கள். அப்போது நிமிர்ந்து நடக்கலாம். அயலார் தோளில் இருப்பதும் கண்ணுக்குத் தெரியும்.