மடுக் கோயிலைத் தொடங்கியவர்களும் அகதிகளே

(எமது சங்கத்தின் தைப்பொங்கல் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசச் சொல்லிக் கேட்டபோது, "அண்ணை, நான் ஏ.எல். ஓடை படிப்பை விட்டவன். இப்ப பக்ரறியிலை பெட்டி அடுக்கிறன். எனக்கென்ன பேச்சுத் தெரியும்?" எண்டு சொன்னனான். "தெரிஞ்ச ஒண்டைப் பற்றிப் பேசன் தம்பி" எண்டார் செயலாளர். எனக்குத் தெரிந்தது மடு. நான் சைவக் குடும்பத்துப் பிள்ளை. ஆனாலும் மன்னார்ப் பக்கத்தில் பிறந்தவனுக்கு மடு மாதாவைத் தெரியாமல் இருக்கேலாது. அம்மா நேர்த்தி வைத்து எங்களைக் கூட்டிக்கொண்டு போவா. பாம்பு அண்டாது எண்டு மடு மண்ணைத் துணியில் முடிஞ்சு கொண்டுவந்து வீட்டில் வைப்பா.

மடுவுக்குப் போனவர்களுக்கு ஆடித் திருவிழா தெரியும், ஆவணித் திருவிழா தெரியும், மரத்துக்குக் கீழை கொட்டில் போட்டுச் சமைச்சுச் சாப்பிட்டது தெரியும். ஆனால் அந்தக் கோயிலை ஆர் தொடங்கினது எண்டு கேட்டால் பலபேர் யோசிப்பினம். ராசாவும் இல்லை, ஆயரும் இல்லை. ஊரை விட்டு ஓடிவந்த குடும்பங்கள்தான் தொடங்கினது.

1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் போர்த்துக்கீசரிடம் இருந்து மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். அவர்கள் புரட்டஸ்தாந்து மதத்தவர்கள். கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள். ஒரு குருவானவருக்கு வீட்டில் அடைக்கலம் குடுத்தால் மரணதண்டனை எண்டு சட்டம் போட்டார்கள். மாந்தையில் ஒரு மாதா சுரூபம் இருந்தது. 1670ஆம் ஆண்டளவில் மாந்தையைச் சேர்ந்த 20 குடும்பங்கள் அந்தச் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு, ஒல்லாந்தரின் கை அவ்வளவாக எட்டாத வன்னிக் காட்டுக்குள் போனார்கள் எண்டு வரலாறு சொல்லுது. அவர்கள் நின்ற இடம் மருதமடு. யாழ்ப்பாணத்தில் இருந்து தப்பி வந்த கத்தோலிக்கரும் அங்கே வந்து அவர்களோடை சேர்ந்தார்கள். இரண்டு கூட்டமும் சேர்ந்து ஒரு சின்னக் கோயிலை வைத்தார்கள்.

இதிலை ஒரு விசயத்தைக் கவனியுங்கோ. அந்த நேரம் அவர்களுக்குக் குருவானவர் இல்லை. கோவாவில் இருந்து யோசே வாஸ் அடிகளார், ஒரு கூலிக்காரனைப் போல வேசம் போட்டு யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தது 1687இல். அதுவரைக்கும் 29 வருசமாக யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சனம் தாங்களாகத்தான் செபம் சொன்னது. பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பித்தது தாய் தகப்பன்மார். வாஸ் அடிகளாரும் பிறகு அந்த ஒழுங்கையே பலப்படுத்தினார். அவர் இல்லாத நேரத்தில் ஊர்க் கோயில்களை நடத்த மூப்பர் எண்டும் அண்ணாவியார் எண்டும் சாதாரண ஆக்களையே பொறுப்பாக வைத்தார். அவருக்கு 2015 தை 14இல் காலிமுகத் திடலில் புனிதர் பட்டம் குடுத்த பாப்பரசர் பிரான்சிஸ், அண்டைக்கே மடுவுக்கும் போனார்.

இப்ப நாங்கள் பார்க்கிற பெரிய கோயிலுக்கு 1872இல் பொஞ்சீன் ஆண்டகை அத்திவாரக்கல் வைத்தார். 1924 ஆடி 2இல் சுரூபத்துக்கு முடி சூட்டினார்கள். கல்லும் முடியும் வர 200 வருசத்துக்கு மேலே சென்றது. கோயில் அதுக்கு முதலே இருந்தது.

1990இல் சண்டை மூண்டபோது ஆயிரக்கணக்கான சனம் மடுவுக்கு ஓடியது. ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனமும் அங்கே ஒரு நிவாரண நிலையத்தை ஆதரித்து நடத்தியது. அங்கே தங்கிய சனத்தில் வேதக்காரரும் இருந்தினம், சைவக்காரரும் இருந்தினம். அகதிகள் வைத்த கோயில் 320 வருசத்துக்குப் பிறகு அகதிகளின் முகாம் ஆகியது. 1999 கார்த்திகை 20இல் கோயில் வளவுக்குள்ளேயே செல் விழுந்து 40 பேர் அளவில் செத்தார்கள். 2008 சித்திரையில் சண்டை கிட்ட வர, குருமார் சுரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். மாதாவும் எங்களைப்போலை இடம்பெயர்ந்தா எண்டு அப்ப சனம் கதைச்சது. அதே வருசம் ஆவணியில் சுரூபம் திரும்பி வந்தது.

இது எங்களுக்கு மட்டும் நடந்த கதை இல்லை. இந்த ஒன்ராறியோவிலேயே, ஒட்டாவாவுக்கு மேற்கே வில்னோ எண்டு ஒரு சின்ன ஊர் இருக்கு. 1858இல் இருந்து போலந்துப் பக்கத்துக் கசூபியக் குடும்பங்கள் வந்து குடியேறின இடம். அவர்களுக்குக் கிடைத்த காணி பெரும்பாலும் கல்லும் பாறையும். அந்தக் கல்லைப் பொறுக்கித்தான் தோட்டம் செய்தார்கள், கோயிலும் எழுப்பினார்கள். 1936இல் அந்தக் கோயில் எரிந்து போனது. சனம் திரும்பவும் கட்டியது. இண்டைக்கும் அது மலைச்சரிவில் நிக்குது.

சரி, இதையெல்லாம் ரெக்ஸ்டேலில் நிண்டு ஏன் சொல்லுறன்? 2023 ஆடியில் ஆபிரிக்காவில் இருந்து வந்த அகதிகள் ரொறன்ரோ நகர நடுவிலே, பீற்றர் வீதி நடைபாதையில் படுத்துக் கிடந்தார்கள். சங்கதி தெரிந்ததும் கறுப்பின மக்களின் தேவாலயங்கள் சில கதவைத் திறந்து, தரையிலே பாய் போட்டுப் படுக்க விட்டன. பெரிய காசு உள்ள சபைகள் இல்லை. வந்து குடியேறின ஆக்கள் சேர்ந்து நடத்துகிற சபைகள்.

எங்கட பக்கத்திலும் புதுச் சனம் இருக்கு. என்னோடை லைனில் வேலை செய்யிற உகண்டாப் பிள்ளை ஒருத்தி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அகதி மனுப் போமை விரிச்சு வைத்து, "இந்தக் கேள்விக்கு என்ன எழுதவேணும்?" எண்டு என்னைக் கேக்கிறாள். இந்தச் சங்கத்து அண்ணைமார் ஒரு காலத்தில் எனக்கு இருந்து நிரப்பித் தந்த மாதிரிப் போம்தான்.

எங்கட சங்க அறையில் ஞாயிறு தமிழ் வகுப்பு நடக்குது. சனிக்கிழமை காலையில் அறை பூட்டித்தான் கிடக்குது. அந்த மூன்று மணித்தியாலத்தைப் புதிதாய் வந்தவர்கள் போம் நிரப்பக் குடுப்பம் எண்டு நிர்வாகசபைக்கு ஒரு யோசனை வைத்திருக்கிறம். "எங்கட காசிலை வாடகை கட்டுற அறை, ஏன் வேறை நாட்டு ஆக்களுக்கு?" எண்டு சிலபேர் கேக்கினம். கேள்வியில் பிழை இல்லை. எங்கட சனத்துக்கே உதவி தேவைதான். தமிழ் ஆக்கள் வந்தால் அவர்களுக்கும் அதே மேசைதான். ஆனால் 1990இல் மடு வாசலில் நிண்ட ஆரும், "நீ எந்தக் கோயில்?" எண்டு என்ரை அம்மாவைக் கேக்கேல்லை. உள்ளுக்கு விட்டினம்.

சித்திரைக்குப் பிறகு வாற பொதுக்கூட்டத்தில் இது வாக்கெடுப்புக்கு வரும். எல்லாரும் வாங்கோ. விருப்பம் எண்டாலும் விருப்பம் இல்லை எண்டாலும் எழும்பிச் சொல்லுங்கோ. இரண்டு பேர் சனிக்கிழமையில் வந்து அறையைத் திறக்க ஒத்துக்கொண்டால் போதும். ஒரு ஆள் நான். மற்ற ஆளைத்தான் தேடுறன்.