அந்த எட்டு நாள்



இன்று காலை பரங்கிமலை ஏறி இறங்கிவிட்டுத்தான் இந்த மேடைக்கு வருகிறேன். 130-க்கும் மேற்பட்ட படிகள். பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் வலது காலை முதலில் வைத்து, பிறகு இடது காலை இழுத்துச் சேர்த்து ஏறிக்கொண்டிருந்தார். மலை உச்சியில் 1523-இல் போர்த்துக்கீசியர் கட்டிய சிறிய கோவில். பீடத்தில் கருங்கல் சிலுவை, அதைச் சுற்றிப் பஹ்லவி எழுத்து. தோமையார் இந்த மலையில்தான் ஈட்டியால் குத்துண்டு இறந்தார் என்பது மரபு. மரபு என்றுதான் சொல்கிறேன். அவர் காலத்துக் கல்வெட்டு ஆதாரம் எதுவும் இங்கே இல்லை. அந்தச் சிலுவையும் அவருக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. சந்தேகத்தைப் பற்றிப் பேச வந்தவன் இதை மறைத்துவிட்டுப் பேசக் கூடாது.

இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் நம் ஊரோடு பெயர் பின்னிக்கிடப்பவர் தோமா. சாந்தோம் என்று பேருந்துக்காரர் கூவும்போதெல்லாம் அவர் பெயரைத்தான் கூவுகிறார். அப்படிப்பட்டவருக்குக் கோவிலுக்குள்ளே நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? சந்தேகத் தோமா. யாராவது ஒரு பையன் ஞாயிறு பள்ளியில் எழுந்து கேள்வி கேட்டால், "வந்துட்டான்யா சந்தேகத் தோமா" என்று உட்கார வைத்துவிடுகிறோம்.

இந்தப் பெயர் நியாயம்தானா என்று யோவான் எழுதிய சுவிசேஷத்தைத் திறந்து பாருங்கள். உயிர்த்தெழுந்த அன்று மாலை இயேசு வந்தபோது மற்றவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு பயத்தில் உள்ளே இருந்தார்கள். தோமா மட்டும் அங்கே இல்லை. ஏன் இல்லை என்று யோவான் சொல்லவில்லை. வந்த இயேசு அவர்களுக்குத் தம் கைகளையும் விலாவையும் காட்டினார். பார்த்தார்கள், மகிழ்ந்தார்கள். தோமா பிறகு வந்து கேட்டதும் அந்தக் காயத்தைத்தான். பார்க்க வேண்டும், தொட வேண்டும் என்றார். தொடுவது ஒன்றுதான் கூடுதல். அதே நாள் காலையில் கல்லறைக்குப் போய்வந்த பெண்கள் சொன்ன செய்தியை அப்போஸ்தலர்கள் வீண்பேச்சு என்று தள்ளிவிட்டார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அவர்களுக்கெல்லாம் அடைமொழி கிடையாது. தோமாவுக்கு மட்டும் இன்றுவரை அடைமொழி!

சரி, அதுகூடப் போகட்டும். நான் இன்று உங்களிடம் சொல்ல வந்தது அதற்கு அடுத்த வசனத்தைப் பற்றி. எட்டு நாள் கழித்துச் சீடர்கள் மறுபடியும் வீட்டுக்குள் இருந்தார்கள், தோமாவும் அவர்களோடு இருந்தார் என்று யோவான் எழுதுகிறார். இதை எத்தனை முறை வாசித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறோம்! அந்த எட்டு நாள் எப்படிக் கழிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பத்துப் பேர் "கண்டோம்" என்கிறார்கள். ஒருவர் "நம்ப மாட்டேன்" என்கிறார். ஒரே கூரை. ஒரே பானைச் சோறு என்று நம் ஊர் வழக்கில் சொல்லலாம். பத்துப் பேர் முகத்திலும் சந்தோஷம், பதினோராவது முகத்தில் இருட்டு. அந்தப் பத்துப் பேரும் அவரை "வெளியே போ, நீ நம்பிக்கை இல்லாதவன்" என்று தள்ளவில்லை. அவரும் "உங்கள் சங்காத்தமே வேண்டாம்" என்று எழுந்து போகவில்லை. நம்பாமலே அவர்களோடு இருந்தார். நம்பாதவரோடு அவர்கள் இருந்தார்கள். ஆதி சபையின் மகத்துவம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

எட்டாம் நாள் பூட்டிய கதவுக்குள் இயேசு வந்து எல்லாருக்கும் சமாதானம் சொன்னார். பிறகு நேரே தோமாவிடம் திரும்பி, அவர் கேட்டதையே எடுத்து நீட்டினார். விரலை நீட்டு, கையைப் போடு என்றார். இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1602-ஐ ஒட்டி வரைந்த ஓவியத்தில் தோமாவின் விரல் காயத்துக்குள் நுழைகிறது. நெற்றியில் அத்தனை சுருக்கம். மகத்தான ஓவியம். ஆனால் சுவிசேஷத்தில் தோமா தொட்டார் என்று ஒரு சொல்கூட இல்லை. கேட்டது தரப்பட்டது என்பதே அவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது. அந்த நிமிடத்தில் அவர் இயேசுவைக் கடவுள் என்றே அழைத்துவிட்டார். காணாமல் நம்புகிறவர்கள் பாக்கியவான்கள் என்ற பொருளில் இயேசு சொன்னதை எடுத்துத் தோமாவை அடிக்கிறவர்கள், அது எப்போது சொல்லப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். கேட்டதைக் கொடுத்த பிறகு சொன்னார். கொடுக்காமல் விரட்டிவிட்டுச் சொல்லவில்லை.

நண்பர்களே, எல்லாச் சந்தேகமும் ஒன்றல்ல. இயேசுவை விசாரித்த ஆளுநர் பிலாத்துவும் கேள்வி கேட்டான். சத்தியம் எது என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வெளியே போய்விட்டான். தோமா கேட்டுவிட்டு எட்டு நாள் உட்கார்ந்திருந்தார். நேர்மையான சந்தேகம் என்று நான் சொல்வது இந்த இரண்டாவதை.

நம் தமிழில் ஐயம் என்றொரு சொல் இருக்கிறது. சந்தேகம் என்றும் பொருள், பிச்சை என்றும் பொருள். ஔவையார் ஆத்திசூடியில் பிச்சை என்ற பொருளில் ஆண்டிருக்கிறார். இரண்டும் ஒரே வேரா என்பதை இங்கே இருக்கும் தமிழாசிரியர்களிடம் விட்டுவிடுகிறேன். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் வரும் ஒரு தகப்பன் ஞாபகம்தான் வரும். சின்ன வயது முதல் வலிப்பில் துடிக்கும் மகன். தீயிலும் தண்ணீரிலும் விழுந்து விழுந்து எழுகிற பிள்ளை. அந்தத் தகப்பன் நம்புகிறேன் என்றும் சொல்கிறான், என் நம்பாமைக்கு உதவும் என்றும் சொல்கிறான். ஒரே மூச்சில் இரண்டும். விசுவாசத்தையே பிச்சையாகக் கேட்கிறான். இயேசு, முதலில் உன் விசுவாசத்தை முழுசாக்கிக்கொண்டு வா என்று சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கி நிறுத்திக் கொடுத்தார்.

கொல்கத்தாவின் அன்னை தெரசாவின் கடிதங்கள், அவர் மறைந்து பத்து ஆண்டு கழித்து 2007-இல் புத்தகமாக வந்தன. அழித்துவிடும்படி அவரே கேட்டுக்கொண்ட கடிதங்கள் அவை. 1946-இல் டார்ஜிலிங் போகும் ரயிலில் கடவுளின் அழைப்பைத் தெளிவாகக் கேட்டவர், வேலை தொடங்கிய பிறகு கிட்டத்தட்ட ஐம்பது வருடம் உள்ளுக்குள் இருட்டில் இருந்திருக்கிறார். ஜெபித்தால் பதில் இல்லை, கடவுள் இருக்கிறாரா என்றே தெரியவில்லை என்று தம் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டுச் சிலர் அவரைப் போலி என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் குத்தியது. ஒன்றும் கேட்காத ஒருவர் விடியற்காலையில் எழுந்து, ஜெபத்தில் மண்டியிட்டு, பிறகு தெருவில் கிடந்த மனிதனைத் தூக்கத் தினமும் போனார் என்றால், அது எப்படிப்பட்ட விசுவாசம்! 2016-இல் அவரைப் புனிதராக அறிவித்தபோது திருச்சபை அந்தக் கடிதங்களையெல்லாம் படித்திருந்தது.

என் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். என் தம்பி பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். ஒன்பது நாள் ஊரே ஜெபித்தது. அடக்கத்துக்கு வந்த ஓர் ஊழியக்காரர், வீட்டில் யாருக்கோ விசுவாசக் குறைவு இருந்திருக்கிறது என்று என் அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னார். அவர் பெயர் வேண்டாம். வந்தவர்களெல்லாம் யோபுவின் முதல் அதிகாரத்தைத்தான் வாசித்தார்கள்; கொடுத்தவரும் எடுத்தவரும் அவரே என்று யோபு பணிகிற இடம். மூன்றாம் அதிகாரத்தை ஒருவரும் வாசிக்கவில்லை. அங்கே அதே யோபு தான் பிறந்த நாளையே சபிக்கிறான். புத்தகத்தின் கடைசியில் கடவுள் யோபுவின் நண்பர்களைக் கடிந்துகொள்கிறார், என்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்கிறார். ஆறுதல் சொல்லப் போகிற ஒவ்வொருவரும் அந்த மூன்றாம் அதிகாரத்தையும் ஒரு முறை வாசித்துவிட்டுப் போகும்படி கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். எண்பத்தெட்டாம் சங்கீதத்தையும் வாசியுங்கள். தொடக்கம் முதல் புலம்பல், முடிவதும் இருளில்தான். அதைக் கிழித்தெறியாமல் ஜெபப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துப் பாதுகாத்தார்கள் நம் முன்னோர்கள்.

அதன் பிறகு இரண்டு வருடம் நான் கோவிலில் வாயைத் திறக்கவில்லை. விசுவாசப்பிரமாணம் சொல்ல எல்லாரும் எழுந்தால் நானும் எழுவேன், உதடு அசையாது. பாட்டுக்கும் அப்படித்தான். பக்கத்தில் அப்பா நிற்பார். பெரிய குரல் கிடையாது அவருக்கு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்து, சரியான பக்கத்தில் கட்டைவிரலை வைத்து, பாதிப் புத்தகம் என் பக்கம் இருக்கும்படி நீட்டிப் பிடித்துக்கொள்வார். அட்டை பிய்ந்து, காக்கிக் காகிதம் ஒட்டிய புத்தகம். அந்த விரலின் நகம், வயல் வேலையில் பிளந்து கறுத்த நகம், இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. நான் பாடவில்லை என்பதற்காக ஒரு ஞாயிறுகூட அவர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளவில்லை.

எப்போது மறுபடி பாட ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. எந்தத் தரிசனமும் இல்லை. ஏதோ ஒரு ஞாயிறு, ஏதோ ஒரு சரணத்தின் நடுவில்.

பல வருடம் கழித்து, அப்பா படுக்கையில் விழுந்த பிறகு, ஒரு சாயங்காலம் கேட்டேன். "அந்த ரெண்டு வருசம் என்னை நீங்க ஒண்ணுமே கேக்கலியே அப்பா, ஏன்?" என்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தார். பிறகு சொன்னார்: "எனக்கு மட்டும் என்னலே, அந்த வருசமெல்லாம் எனக்கும் ஒண்ணும் கேக்கல. நாம ரெண்டு பேரும் வீட்ல உக்காந்துட்டா, ஒங்கம்மை தனியால்லா கோயிலுக்குப் போவா."