கரடிக் காட்டுக்கு ஒருவரைத் தனியே அனுப்பாதீர்கள்

(கொக்கிளாயில் நடந்த அங்கத்தவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையகத் தோட்டத்தில் வளர்ந்தவருக்குக் குளவி தெரியும், சிறுத்தை தெரியும். கரடி தெரியாது. இலங்கையில் கரடி வாழ்வது உலர்வலயக் காடுகளில்தான். 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு வன்னிக்கு வந்த எங்கள் குடும்பங்கள் காட்டோரத்தில்தான் குடியேறின. கரடியோடு வாழ்வதை இங்கே வந்துதான் பழகினோம்.

கரடி மனிதரைத் தின்ன வருவதில்லை. அதன் சாப்பாடு கறையானும் எறும்பும் தேனும் பழமும். பாலைப்பழமும் வீரப்பழமும் பழுக்கும் வைகாசி, ஆனி மாதங்களில் அது மரத்தடிக்கு வரும். நாங்களும் அதே மரத்தடிக்குத்தான் போகிறோம். சம்பளம் போதாதவர் பழமும் தேனும் விறகும் தேடிப் போவது குற்றமில்லை. தனியே, சத்தமில்லாமல் போவதுதான் ஆபத்து.

கரடிக்கு மோப்பம் கூர்மை, பார்வை மட்டு. புற்றைக் கிண்டும்போது நாங்கள் கிட்ட வருவது அதற்குத் தெரியாது. திடீரென்று கண்டால் பயத்தில் பாயும். முகத்தையும் தலையையும்தான் கிழிக்கும். முதுகில் குட்டி சுமக்கும் தாய்க்கரடி இன்னும் பொல்லாதது.

ஆகவே மூன்று நான்கு பேராகப் போங்கள். கதைத்துக்கொண்டு, தடியால் மரத்தில் தட்டிக்கொண்டு நடவுங்கள். விடியற்காலையும் பொழுதுபட்ட பிறகும் காட்டுக்குள் இறங்காதீர்கள். பகலில் அது அடர்ந்த பற்றையிலும் கற்குகையிலும் படுத்திருக்கும். அவற்றுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். புதிதாகக் கிண்டிய புற்றைக் கண்டால் வந்த வழியே திரும்புங்கள்.

தூரத்தில் கண்டால் ஓடாதீர்கள். ஓட்டத்தில் அதை வெல்ல முடியாது. மரத்தில் ஏறினால் அதுவும் ஏறும். அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்குங்கள். கல்லெறிய வேண்டாம். பாய்ந்தே விட்டால் குப்புறப் படுத்து, முகத்தை நிலத்தோடு வைத்து, இரு கைகளையும் பிடரியில் கோத்துப் பிடியுங்கள். அது விலகிப் போகும்வரை அசையாதீர்கள்.

காயத்தைத் துணியால் அமுக்கிக் கட்டி, உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். காயம் சிறிதென்று வீட்டில் இருக்க வேண்டாம். ஏற்பு ஊசியும் விசர்நாய்க்கடிக்குப் போடும் ஊசியும் வேண்டுமா என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். கரடி சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. பழிவாங்கப் போய் வழக்கில் மாட்டாதீர்கள்.

இனிச் சங்கத்தின் பங்கு. காட்டோரத் துப்புரவுக்கும் வேலி வேலைக்கும் இராக்காவலுக்கும் ஒருவரை மட்டும் அனுப்பும் வழக்கம் நிற்க வேண்டும். அப்படி அனுப்பினால், "இன்னொருவரையும் தாருங்கள்" என்று கேளுங்கள். கேட்கப் பயமாக இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்; சங்கம் கேட்கும். வேலையின்போது, வேலையின் காரணமாக நேரும் விபத்துக்கு நட்டஈடு கேட்க 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதற்குச் சான்று தேவை. யார் அனுப்பியது, எந்த இடம், எத்தனை மணி, கூட இருந்தவர் யார் என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள். வைத்தியசாலைத் துண்டைத் தொலைக்காதீர்கள்.

தோழர்களே, கூடிப் போகிறவர்களின் சத்தம் கேட்டால் கரடி தானாகவே விலகும். வேலைத்தலத்திலும் எங்களுக்குப் பலம் கூடி நிற்பதுதான். நாளைக் காலை வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டுக்கொண்டு போங்கள்.