உயர்த்த முடியாத கை

(எங்கள் மருத்துவமனையின் ஆதரவாளர்கள் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூடுகையில் நோயாளிகளின் நடுவே நடக்கும் ஊழியத்தைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்பார்கள். இம்முறை நானே ஒரு நோயாளியாக உங்கள் முன் நிற்கிறேன். எனக்கு வயது 64. சர்க்கரை வியாதி உண்டு. வலது தோளில் ஒரு அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

2023-ஆம் ஆண்டு நவம்பர் மழையில், வீட்டு வாசற்படியில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். எலும்பு முறியவில்லை. ஆகையால் ஒன்றுமில்லை என்று எண்ணி, மூன்று மாதம் எண்ணெய் தேய்த்தும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தும் காலத்தைக் கடத்தினேன். தினமும் மருத்துவர்களோடு காப்பி குடிக்கிற எனக்கு, அவர்களில் ஒருவரிடம் கையைக் காட்டத் தோன்றவில்லை. ஒரு ஞாயிறு ஆராதனையின் முடிவில் ஆசீர்வாதம் கூறக் கைகளை உயர்த்தினேன். இடது கை ஏறிற்று. வலது கை மார்புக்கு மேல் ஏறவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யோசியாமல் உயர்த்திய கை அது. ஒரு கையை மாத்திரம் உயர்த்தி ஆசீர்வாதத்தைச் சொல்லி முடித்தேன். மறுநாள் மருத்துவரிடம் போனேன்.

அவர் தோளின் அமைப்பை எனக்குப் புரியும்படி விளக்கினார். நம் உடலிலுள்ள மூட்டுகளில் மிகுதியாக அசையக்கூடியது தோள்மூட்டுதான். இடுப்பு மூட்டைப்போல் ஆழமான குழியில் அது பொருந்தியிருக்கவில்லை. சிறிய தட்டின்மேல் வைத்த எலுமிச்சம்பழம் போலத்தான் இருக்கிறது. அது உருண்டு விழாமல் நான்கு தசைகளின் நாண்கள் சுற்றிலும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் மேலே இருக்கும் நாண்தான் பெரும்பாலும் கிழிகிறது. எனக்குக் கிழிந்ததும் அதுவே. கிழிந்த நாணைச் சிறு துளைகளின் வழியாக எலும்போடு சேர்த்துத் தைத்தார்கள். தையல் போட்டவுடன் காரியம் முடிந்துவிடுவதில்லை. நாண் எலும்போடு ஒட்டி ஓரளவு பலப்பட ஏறக்குறைய பன்னிரண்டு வாரம் வேண்டும். தோள் பழைய நிலையை நெருங்க ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஆகலாம்.

அறுவைச் சிகிச்சைக்கு முன் கழுத்தருகே ஊசி போட்டுக் கையை மரத்துப்போகச் செய்தார்கள். சிகிச்சை முடிந்தபின்பும் பல மணி நேரம் அந்தக் கை எனக்குச் சொந்தமில்லாத ஒரு மரக்கட்டையைப்போல் கிடந்தது. வலியே இல்லை. வந்தவர்களிடமெல்லாம் சிரித்துப் பேசினேன். செவிலியச் சகோதரி ஒருவர் மாத்திரம், “ஐயா, சூடான டம்ளர் எதையும் அந்தக் கைப்பக்கம் வைக்காதீங்க. சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது” என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

அப்போது டாக்டர் பால் பிராண்டை நினைத்தேன். 1914-இல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்து, 1946-இல் வேலூருக்கு மருத்துவராக வந்தவர் அவர். தொழுநோயாளிகளின் விரல்கள் குறைந்துபோவதற்குப் பெரும் காரணம் சதை அழுகுவதல்ல, வலி தெரியாமற்போவதே என்று உலகத்துக்கு எடுத்துக்காட்டினார். அவர்கள் சூடான பாத்திரத்தைப் பிடிப்பார்கள், தெரியாது. இரவில் எலி விரலைக் கடிக்கும், விழிக்கமாட்டார்கள். அதற்காகப் பூனை வளர்க்கச் சொன்னார்கள். பிற்காலத்தில் அமெரிக்காவில், வலிக்குப் பதிலாக எச்சரிக்கை செய்யும் ஒரு கருவியை உண்டாக்க அவரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் முயன்றார்கள். அது கைகூடவில்லை. எச்சரிக்கை தொந்தரவாக இருந்தபோது நோயாளிகள் கருவியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தார்களாம். வலி ஒரு காவற்காரன் என்று அவர் எழுதியும் பேசியும் வந்ததை நான் எத்தனையோ பிரசங்கங்களில் எடுத்துக் கூறியிருக்கிறேன்.

அன்று நள்ளிரவு இரண்டு மணிக்கு அந்தக் காவற்காரன் வந்து சேர்ந்தான். மரப்பு நீங்கிற்று. அந்த வேதனையை நான் வர்ணிக்கப்போவதில்லை. அந்நேரத்தில் யாராவது வந்து “வலி தேவன் தந்த ஈவு” என்று சொல்லியிருந்தால், இடது கையில் அகப்பட்டதை அவர்மேல் எறிந்திருப்பேன். என் பிரசங்கம் தவறு என்று சொல்லவில்லை. அதைச் சொன்ன நேரங்களைத்தான் எண்ணிப் பார்த்தேன். இத்தனை ஆண்டுகளில் எத்தனை கட்டிலருகே நான் அவசரப்பட்டு அதைச் சொல்லியிருப்பேன்! யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் அவனோடு உட்கார்ந்திருந்தது நல்ல ஊழியம். வாயைத் திறந்தபின்புதான் அதைக் கெடுத்தார்கள். இதை இறையியல் கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்தேன். அன்றிரவுதான் பொருள் விளங்கிற்று.

ஆறு வாரம் கை தொட்டிலில் இருந்தது. இரவில் படுக்க முடியாது. படுத்தால் வலி கூடும். ஆகையால் சாய்வு நாற்காலியில், முழங்கைக்குக் கீழே தலையணை வைத்துத் தூங்கினேன். சட்டை போடும்போது முதலில் நோயுள்ள கையை நுழைக்கவேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்கவேண்டும். என் மனைவிதான் பொத்தான் போட்டாள், தலை வாரினாள். கலியாண வீட்டுப் பந்தியில் இலைக்கு முன் உட்கார்ந்து, இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டேன். எதிரே இருந்த பெரியவர் நான் கூச்சப்படாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றவருக்குப் பணிவிடை செய்யும்படி போதித்தவனுக்கு, பணிவிடையைப் பெற்றுக்கொள்வது எவ்வளவு கடினம் என்று அந்த வாரங்களில் தெரிந்தது.

வலி மாத்திரையிலும் தடுமாறினேன். மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவோ என்று ஒரு எண்ணம். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிசியோதெரபிப் பிரிவிலுள்ள மகள் அதைக் கண்டுபிடித்தாள். “ஐயா, வலியோட இருந்தா தசை இறுகிப்போகும். இறுகின தசையை அசைக்க முடியாது. பயிற்சிக்கு அரைமணி முன்னாடி டாக்டர் எழுதினதைப் போடுங்க, முடிச்சபிறகு ஐஸ் வைங்க. இதுல வீரம் எதுவும் இல்லை” என்றாள். என் மகளைவிட இளையவள். கீழ்ப்படிந்தேன். ஈரத் துண்டில் பனிக்கட்டியைச் சுற்றிப் பதினைந்து நிமிஷம் வைப்பது எவ்வளவு ஆறுதல் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். ஒன்று மாத்திரம் சொல்லுகிறேன். மருத்துவர் எழுதித் தராத வலி மாத்திரையைக் கடையில் வாங்கி நாட்கணக்காய் விழுங்காதிருங்கள். சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் அது கேடு. என்னைப்போல் சர்க்கரை உள்ளவர்கள் இன்னும் எச்சரிக்கையாயிருக்க வேண்டும்.

வலியில் இரண்டு வகை உண்டு என்றும் அவள் கற்றுத்தந்தாள். நீட்டும்போது இழுத்துப் பிடிக்கிற வலி, பயிற்சி முடிந்து சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அதற்குப் பயப்படவேண்டாம். குத்துகிறதுபோல் திடீரென்று வருகிறதோ, மறுநாளும் குறையாமல் நிற்கிறதோ, அந்த வலி “நிறுத்து” என்று சொல்லுகிறது. அதைக் கேட்கவேண்டும். காய்ச்சல், வீக்கம், காயத்தில் சீழ் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வரவேண்டும். எல்லா வலிக்கும் அடங்கி அசையாமல் கிடந்தால் தோள் உறைந்துபோகும். எல்லா வலியையும் மீறினால் தையல் பிய்ந்துபோகும். இவ்விரண்டுக்கும் நடுவேதான் குணமாகும் வழி இருக்கிறது. அது நெருக்கமான வழிதான்.

பயிற்சிகள் பார்வைக்குச் சிறுபிள்ளை விளையாட்டுப்போல் இருக்கும். குனிந்து நின்று, கையைக் கிணற்று வாளிபோல் தொங்கவிட்டு மெதுவாக ஆட்டவேண்டும். பின்பு மல்லாந்து படுத்து, ஒரு கோலை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையின் பலத்தால் மற்றதை உயர்த்தவேண்டும். பின்பு கப்பியில் கயிறு. பின்பு சுவரில் விரல்களை எறும்புபோல் ஏறவிட்டு, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதவேண்டும். பிள்ளைகள் வளர்ந்த உயரத்தைச் சுவரில் குறித்து வைத்த வீட்டில், இப்போது என் கோடுகளும் இருக்கின்றன. சில வாரங்கள் ஒரு விரற்கடை ஏறும். சில வாரங்கள் முந்தின கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட வாரங்களில் நான் பயிற்சியைக் கைவிட்டேன். செய்தேன் என்று அந்த மகளிடம் பொய்யும் சொன்னேன். போதகர் பொய் சொன்னாரா என்று நீங்கள் கேட்கலாம். சொன்னேன்.

அதே வாரத்தில் அதே சிகிச்சை பெற்ற ஒரு சகோதரியைப் பற்றி, அவருடைய அனுமதியோடு சொல்லுகிறேன். கட்டட வேலையில் சித்தாள். கலவைச் சட்டியோடு சாரத்திலிருந்து விழுந்தவர். கப்பிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் அழுதார். நான் பழக்கதோஷத்தால், “பொறுத்துக்கொள்ளம்மா, கர்த்தர் பெலன் தருவார்” என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்களுக்கும் இதே நோவுதானே ஐயா? நீங்க எப்படிப் பொறுக்கிறீங்க?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, கற்றுக்கொள்ளக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. “நான் ரெண்டு நாளா செய்யவே இல்லம்மா” என்றேன். அந்த அறையில் இருந்த எல்லாரும் சிரித்தோம். அந்த மகளும் சிரித்தாள். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பயிற்சி செய்தோம். அவர் சத்தமாகப் பத்து வரை எண்ணுவார். நான் எட்டிலே கையை இறக்கினால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவார்.

பிறகு அவர் வராமல் நின்றுவிட்டார். எங்கள் சமூகப்பணியாளர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். அவரை அழைத்துவருகிற கணவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போயிற்று. வீட்டிலே கையைக் கட்டியே வைத்திருந்ததில் தோள் இறுகிவிட்டது. அவருக்கு மனவுறுதி குறைவில்லை. கூலிதான் குறைவு. லண்டனில் 1967-இல் புனித கிறிஸ்தோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய டாக்டர் சிசிலி சாண்டர்ஸ், வலி சரீரத்தில் மாத்திரம் இல்லை, மனதிலும் குடும்ப நிலையிலும் ஆத்துமாவிலும் இருக்கிறது, அவை யாவும் சேர்ந்ததே முழு வலி என்று கற்பித்தார். அந்தச் சகோதரியின் தோள் வலியில் ஒரு பங்கு அரிசிப் பானையில் இருந்தது. அதை எந்த மாத்திரை தீர்க்கும்?

உங்கள் காணிக்கையிலிருந்து அவரை இரண்டு வாரம் இங்கேயே தங்கவைத்து, சாப்பாடு கொடுத்து, தினம் இருவேளை பயிற்சி கொடுத்தார்கள். இன்று அவர் தம் மகளுக்குத் தலை பின்னிவிடுகிறார். குடத்தை இடுப்பில் தூக்குகிறார். சட்டியைத் தலைக்கு ஏற்ற இன்னும் முடியவில்லை. இனி முடியுமோ, தெரியாது. வீட்டில் மாவு அரைத்து விற்கிறார். உள்ளதை உள்ளபடி சொல்லுகிறேன்.

மறுவாழ்வு என்பது நம் நாட்டுக்கே ஒருகாலத்தில் புதிது. வேலூரில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்பு மறுவாழ்வு மருத்துவம் கற்றுவந்து, 1966-இல் வேலூரில் ஒரு மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணரானார். அவர் மறுபடியும் நடக்கவில்லை. ஆனாலும் எத்தனையோ பேர் தங்கள் வாழ்க்கையை மறுபடியும் தொடங்க உதவினார்.

முடிவாக ஒன்று. அமலேக்கியரோடு யுத்தம் நடந்த நாளில் மோசே மலையுச்சியில் கைகளை உயர்த்தி நின்ற சம்பவத்தை நீங்கள் அறிவீர்கள். அவருடைய கைகள் அசந்துபோயின. ஆரோனும் ஊரும் என்ன செய்தார்கள்? பொறுமையைப் பற்றி அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. உட்கார ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆளுக்கொரு பக்கம் நின்று, பொழுது சாயுமட்டும் அந்தக் கைகளைத் தாங்கினார்கள். இந்தப் பகுதியை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அந்தக் கல்லை மாத்திரம் கவனித்ததில்லை. சாய்வு நாற்காலியில் உறங்கியபின்புதான் அது கண்ணில் பட்டது.

இப்போது வார்டுக்குப் போகும்போது, வலியில் இருப்பவரிடம் முதலில் நான் கேட்பது, “ராத்திரி தூங்கினீங்களா? தலையணை வேணுமா?” என்பதுதான். ஜெபம் அதற்குப் பிறகு. நீங்களும் உங்கள் வீட்டிலோ அண்டையிலோ இப்படி ஒருவர் இருந்தால், அவருக்கு ஒரு கல்லைக் கொண்டுபோய் வையுங்கள். அவரோடு உட்கார்ந்து பத்து வரை எண்ணுங்கள்.

இன்று கூடுகை முடிவில் ஆசீர்வாதம் கூறுவேன். என் வலது கை காதளவுக்கு ஏறும். அதற்கு மேல் ஏறாது. சுவரிலுள்ள கடைசிக் கோடும் அங்கேதான் நிற்கிறது. நாளைக்கும் முயலுவேன். இரண்டு கையையும் ஏறின மட்டும் உயர்த்துகிறேன். மீதியைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

அவருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக. ஆமென்.