லிஸ்பனில் அச்சேறிய தமிழ்

பதினாறு வயதுப் பெண்ணைத் தாயும் தந்தையும் உடன் செல்லாமல் கடல் கடந்து அனுப்புவது எளிதன்று. 2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் எங்கள் மகள், தில்லியில் நாங்கள் வழிபடும் கோயிலின் இளைஞர் குழுவோடு போர்த்துகல் நாட்டுக்குச் சென்று, பதினாறு நாள் கழித்துத் திரும்பினாள். அவளுக்கு அதுவே முதல் அயல்நாட்டுப் பயணம். அப்பயணத்தின் நடுவே ஓரிரவு, எங்கள் வீட்டில் நெடுநாளாக மறைந்திருந்த குறையொன்று வெளிப்பட்டது. வேற்றுமொழி வழங்கும் ஊர்களில் குடியேறி வாழும் நம்மவர் பலருக்கும் அக்குறை பொதுவாதலால், அதனை இங்கே சொல்லத் துணிகிறோம்.

கத்தோலிக்கத் திருச்சபையில் 'உலக இளைஞர் நாள்' என்றொரு விழா உண்டு. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1985இல் அதனை ஏற்படுத்தினார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு நாட்டில் உலகத்து இளைஞர்கள் கூடுவர். லிஸ்பன் நகரில் 2022இல் கூடியிருக்க வேண்டியவர்கள், கொள்ளைநோயின் காரணமாக ஓராண்டு தாழ்த்து, 2023 ஆகஸ்டு 1 முதல் 6 வரை கூடினார்கள். அதற்கு முந்திய சில நாட்களில், வந்த பிள்ளைகளை நாட்டின் பல பகுதிகளிலும் உள்ள குடும்பங்கள் தம் இல்லங்களில் வைத்து உபசரித்தன.

எங்கள் தொழில் மொழிபெயர்ப்பு. மத்திய அரசின் கோப்புகளை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றியே இருபதாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. ஆகவே கடவுச்சீட்டு, விசா, பெற்றோர் இருவரும் ஒப்பமிட்ட சம்மதப் பத்திரம் ஆகிய காகித வேலைகள் எங்களை மிகவும் வருத்தவில்லை. தூத்துக்குடியில் இருக்கும் பாட்டிதான் வருந்தினார். வருந்தியவர், பேத்தி தங்கப் போகும் வீட்டாருக்கென்று தூத்துக்குடி மக்ரூன் ஒரு டப்பா நிறைய அனுப்பியும் வைத்தார். முந்திரிப் பருப்பும் சர்க்கரையும் முட்டையின் வெண்கருவும் கொண்டு செய்யும் அப்பண்டம் போர்த்துகீசியர் வழியே வந்தது என்று எங்கள் ஊரில் சொல்வர். "அவர்கள் கொடுத்ததை அவர்களுக்கே கொடுத்துவிட்டு வரட்டும்" என்றார் பாட்டி.

இச்சொற்களைப் பேத்தியிடம் நாங்கள்தாம் ஆங்கிலத்தில் எடுத்துரைத்தோம். ஞாயிறுதோறும் மாலையில் பாட்டி தொலைபேசியில் பேசுவார். மகள் பாதி புரிந்துகொண்டு இந்தியில் விடை கூறுவாள். இருவருக்கும் இடையே அமர்ந்து நாங்கள் மொழிபெயர்ப்போம். அலுவலகத்தில் ஊதியம் பெற்றுச் செய்யும் தொழிலைச் சொந்தத் தாய்க்கும் சொந்த மகளுக்கும் இடையே செய்துவந்தோம். அது வெட்கத்திற்குரியது என்று அந்நாளில் எங்களுக்குத் தோன்றவில்லை. பள்ளியில் இந்தி, பாடநூலில் ஆங்கிலம், விளையாட்டிடத்தில் மறுபடியும் இந்தி. தமிழுக்கு இடமெங்கே என்று எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொண்டோம்.

போர்த்துகலின் வடபகுதியில், பிராகா நகருக்கு அண்மையில் ஒரு குடும்பத்தார் அவளை ஏற்றனர். அவளுடைய பெயரின் இறுதியில் இருந்த 'பர்னாந்து' என்பதைக் கண்டதும் அவ்வீட்டு அம்மையார், "இது எங்கள் பெயராயிற்றே!" என்று வியந்தாராம். பெண்ணுக்கு விடை சொல்லத் தெரியவில்லை. முத்துக்குளித்துறையில் வாழ்ந்த பரதவர், 1530களில் போர்த்துகீசியரின் பாதுகாவலை நாடித் திருமுழுக்குப் பெற்றதும், அப்போது வந்த பெயர்கள் இன்றளவும் தூத்துக்குடித் தெருக்களில் வழங்குவதும் நாங்கள் அவளுக்கு என்றுமே சொல்லாத செய்திகள்.

ஆயினும் அந்த வீட்டில் அவளுக்குச் சில சொற்கள் கைகொடுத்தன. வாயிற்கதவைத் திறக்கும் கருவியை அவர்கள் 'ஷாவி' என்றனர். மேசைக்கு 'மேசா', ஜன்னலுக்கு 'ஜனேலா', குளித்துத் துவட்டும் துவாலைக்குத் 'துவால்யா', அலமாரிக்கு 'அர்மாரியு'. நம் நாட்டிலிருந்து அச்சொற்கள் அங்குச் சென்றன என்றே அவள் எண்ணினாள். உண்மை வேறு. அவை அங்கிருந்து கப்பலேறி வந்து, நம் வீடுகளில் நம்முடையவையாகவே தங்கிவிட்டவை. இந்தியில் வழங்கும் 'சாபி'யும் அதே குடும்பத்துச் சொல்லே. மக்ரூனைச் சுவைத்துவிட்டு அம்மையார் இன்னொன்று கேட்டு வாங்கினார் என்ற செய்தி பாட்டிக்கு உடனே அறிவிக்கப்பட்டது.

இனி அந்த இரவைச் சொல்வோம். பங்குக் கோயிலில் ஒரு மாலை வழிபாடு. பல நாட்டுப் பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, ஆண்டவர் கற்பித்த ஜெபத்தைத் தத்தம் தாய்மொழியில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. எங்கள் குழுவில் மலையாளமும் கொங்கணியும் இந்தியும் ஒலித்தன. எங்கள் மகள் தமிழில் தொடங்கினாள். சிறுவயதில் பாட்டி மடியில் கேட்டதில் பாதி நினைவில் இருந்தது. எஞ்சிய பாதி வரவில்லை. சிறிது நேரம் நின்று, பிறகு ஆங்கிலத்தில் முடித்து அமர்ந்துவிட்டாள். ஒருவரும் நகைக்கவில்லை. எனினும் அன்றிரவு, தில்லியில் மணி ஒன்றரை ஆனபோது தொலைபேசி ஒலித்தது. "அப்பா, பாதியிலே நின்றுவிட்டேன். முழுவதையும் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றாள். குரல் தழுதழுத்தது. தமிழ் எழுத்துக்கள் அவளுக்கு வாரா; ஆகவே நாங்கள் சொல்லச் சொல்ல உரோம எழுத்தில் எழுதினாள்.

உறக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. 1554ஆம் ஆண்டில் அதே லிஸ்பன் நகரில் தமிழ் ஞானோபதேச நூலொன்று அச்சாயிற்று. தமிழ்ச் சொற்களை உரோம எழுத்தில் எழுதி, போர்த்துகீசியப் பொருளோடு சேர்த்து வெளியிட்ட நூல் அது. அதனை ஆக்கித் தந்தவர்கள் லிஸ்பனில் வாழ்ந்த மூன்று இந்தியர்கள். இந்திய மொழிகளுள் முதன்முதலில் அச்சேறியது தமிழே என்று நாம் பெருமை பேசுவது இந்நூலைக் கொண்டுதான். தமிழ் எழுத்திலேயே தமிழ் அச்சானது பிற்பாடு, 1578இல், கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலில். 469 ஆண்டுகளுக்கு முன்பு வேற்றூரில் வாழ்ந்த அம்மூவர் செய்த அதே வேலையை எங்கள் மகளும் அன்றிரவு செய்திருந்தாள். அவர்கள் மொழியறிந்து பிறருக்காகச் செய்தார்கள். இவள் மொழியறியாமையால் தனக்காகச் செய்தாள். இவ்வேறுபாடே எங்களைச் சுட்டது.

மொழிபெயர்ப்பில் தவறு நேர்வது பெரியோருக்கும் உண்டு. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், இருமொழி அறிந்தவர்களின் துணையோடு ஜெபங்களைத் தமிழாக்கினார். விசுவாசப் பிரமாணத்தில் 'நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்றிருந்ததைப் பின்னர் அறிந்து, அதைத் திருத்தும்படி உடன் ஊழியருக்குக் கடிதம் எழுதினார். இதனை மகளுக்குச் சொன்னபோது அவள் முதன்முறையாகச் சிரித்தாள். பிழையாகவேனும் பேசத் தொடங்கலாம் என்னும் துணிவு அப்போதுதான் அவளுக்கு வந்தது போலும்.

லிஸ்பன் சேர்ந்ததும் அந்த 1554ஆம் ஆண்டு நூலைக் காண விரும்பினாள். பெலெம் பகுதியில், வாஸ்கோ ட காமாவின் கல்லறை அமைந்த ஜெரோனிமோஸ் மடத்தை ஒட்டிய தேசியத் தொல்பொருள் காட்சிச்சாலையில் அந்நூல் பாதுகாக்கப்படுகிறது. ஆனால் காட்சிச்சாலை புதுப்பிக்கும் பணிக்காக மூடப்பட்டிருந்தது. மூடிய கதவின் முன் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பினாள்.

ஆகஸ்டு 5ஆம் நாள் இரவு, தேஜோ ஆற்றங்கரைத் திறந்தவெளியில் ஏறக்குறைய 15 இலட்சம் பேர் கூடியிருக்க, அவளும் தோழியரும் தரையில் பாய்விரித்து உறங்கினர். கண்ணெதிரே, 1998இல் திறக்கப்பட்டு வாஸ்கோ ட காமாவின் பெயர் தாங்கிய நெடும்பாலம். மறுநாள் காலை, 2025இல் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அங்கே திருப்பலி நிறைவேற்றி, அடுத்த கூட்டம் 2027இல் தென்கொரியாவின் சியோல் நகரில் என்று அறிவித்தார். ட காமாவின் கப்பல்கள் மிளகுக்காக வந்தன. அவற்றின் பின்னே பீரங்கிகளும் வந்தன. அந்த வரலாற்றை மறைக்காமல் மகளுக்குச் சொன்னோம். அவற்றின் பின்னே சொற்களும் ஜெபங்களும் வந்ததைச் சேர்த்துச் சொன்னோம்.

திரும்பி வந்த ஞாயிறன்று பாட்டி அழைத்தபோது, மகள் தொலைபேசியை எங்களிடம் நீட்டவில்லை. தன் அறைக்கு எடுத்துச் சென்றாள். முதல் நாள் நான்கைந்து வாக்கியம். நடுவே இந்திச் சொற்கள். மறுமுனையில் பாட்டியின் சிரிப்பொலி. இறுதியில் அந்த ஜெபத்தை முழுவதும் சொன்னாள். மறு வாரம் முதல் நாள்தோறும் ஐந்து தமிழ் எழுத்து என்று கற்கத் தொடங்கினாள். இன்றும் மெதுவாகத்தான் படிக்கிறாள். அவள் தம்பியோ இன்னும் இந்தியில்தான் விடை சொல்கிறான். ஒரு பயணம் ஒரு வீட்டையே மாற்றிவிட்டது என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

நேயர்களே, நம் பிள்ளைகள் நம்மைவிடத் தொலைவு செல்வார்கள். செல்லும் இடத்தில் 'உன் மொழியில் ஒன்று சொல்' என்று எவரேனும் அன்போடு கேட்பார். அந்நேரம் அவர்கள் பாதியில் நிற்பதற்குக் குற்றவாளிகள் அவர்கள் அல்லர். பாட்டியும் பேரப்பிள்ளையும் பேசும்போது இடையே புகுந்து மொழிபெயர்க்காமல் இருந்தாலே போதும். தட்டுத்தடுமாறியேனும் அவர்கள் ஒருவரையொருவர் எட்டிவிடுவார்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு மாலைகளில் இப்போது எங்களுக்கு வேலையில்லை.