பாலாரிஷ்டமா? அன்னக்குழல் அடைப்பா?

(ஒரு கிராமப் பிரசாரக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



எனக்கு முன் பேசிய தோழர் ஜோசியத்தைப் பற்றி வெகு விரிவாகப் பேசிவிட்டார். நான் அதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதுதான் பாலாரிஷ்டம் என்பது. பிறந்த குழந்தை செத்துப்போனால், சந்திரன் கெட்ட இடத்தில் இருந்தான் என்பான் ஜோசியன். பெற்றவள் பூர்வ ஜென்மத்தில் செய்த பாவம் என்பான் புரோகிதன். கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்பாள் மாமியார். ஆக மூவரும் சேர்ந்து பழியைப் பச்சை உடம்புக்காரியின் தலையில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். குழந்தையின் உள்ளே என்ன கோளாறு இருந்தது என்று இவர்களில் ஒருவராவது பார்த்ததுண்டா?

பார்த்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். இங்கிலாந்தில் தாமஸ் கிப்சன் என்ற வைத்தியர், பால் விழுங்க முடியாமல் திணறிய ஒரு குழந்தையைப் பார்த்தார். அது இறந்தபின் அறுத்துச் சோதித்து 1697-ல் எழுதி வைத்தார். அன்னக்குழலின் மேல்பாதி பைபோல் மூடிக்கிடந்தது. கீழ்ப்பாதியோ இரைப்பையிலிருந்து மேலே வந்து சுவாசக்குழலில் சேர்ந்திருந்தது. கருவில் முதல் சில வாரங்களில் ஒரே குழலாக இருப்பது இரண்டாகப் பிரியவேண்டும். அந்த வேலையில் ஏற்படும் பிசகுதான் இது. ஏறக்குறைய 3,000 அல்லது 4,000 பிறப்புக்கு ஒன்று இப்படி நேருகிறது. பிராமணன் வீட்டிலும் நேரும், பறையன் வீட்டிலும் நேரும், வெள்ளைக்காரன் வீட்டிலும் நேரும்.

கிப்சன் கண்ட இந்த வகைக் கோளாறோடு பிறந்து பிழைத்த குழந்தை என்று 1939-க்கு முன் வைத்திய சரித்திரத்தில் ஒன்றுகூட இல்லை. அந்த வருஷம் நவம்பரில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் லாட் என்பவரும், மினியாபோலிஸ் நகரத்தில் லெவன் என்பவரும் தனித்தனியே ஆளுக்கொரு குழந்தையைப் பிழைக்க வைத்தார்கள். வயிற்றில் துளையிட்டுப் பால் ஊற்றி, பிறகு பல ரண சிகிச்சைகள் செய்து, மார்புக்கு முன்புறம் புதிதாக ஒரு குழலே அமைத்தார்கள். 1941 மார்ச் 15-ந் தேதி மிச்சிகன் சர்வகலாசாலையில் கேமரன் ஹெய்ட் என்பவர் 12 நாள் பெண் குழந்தைக்கு இரண்டு முனைகளையும் ஒரே தடவையில் சேர்த்துத் தைத்தார். தைத்த இடம் கசிந்தது, பிறகு ஆறிவிட்டது. குழந்தை பிழைத்தது. அதற்கு முன் அவர் கையில் குழந்தைகள் இறந்திருக்கின்றன. அவர் அதைத் தலைவிதி என்று சொல்லிக் கைகழுவி விடவில்லை. எங்கே பிசகினோம் என்றுதான் பார்த்தார்.

தோழர்களே, நான் கேட்கிறேன்: 1939 நவம்பரில் சனியும் சந்திரனும் ஏதாவது புது ஒப்பந்தம் செய்துகொண்டார்களா? அதுவரை பூர்வ ஜென்ம பாவத்தோடு பிறந்தவர்கள், அதற்குப் பிறகு புண்ணியத்தோடு பிறக்க ஆரம்பித்துவிட்டார்களா?

எந்தக் குழந்தை பிழைக்கும் என்று டாக்டர்களும் முன்கூட்டியே சொல்லுகிறார்கள். ஆனால் ஜாதகம் கேட்பதில்லை, தராசைக் கேட்கிறார்கள். லண்டன் டாக்டர் ஸ்பிட்சும் அவர் கூட்டாளிகளும் 1994-ல் வெளியிட்ட கணக்குப்படி, எடை 1,500 கிராமுக்குக் குறையாமலும் இருதயத்தில் பெரிய கோளாறு இல்லாமலும் இருந்த குழந்தைகளில் 100-க்கு 97 பிழைத்தன. இரண்டில் ஒன்று இருந்தால் 59. இரண்டும் இருந்தால் 22. இதில் நட்சத்திரம் எங்கே வருகிறது?

நிற்க. எல்லாத் தேசத்திலும் இப்படியா என்றால் இல்லை. ஏழைத் தேசங்களில் இன்னும் அநேகம் சாகின்றன. காரணம் தாமதம், நிமோனியா, விஷக்கிருமி, சுவாச யந்திரமும் பழகிய நர்சும் இல்லாத ஆஸ்பத்திரி. இது மனிதன் செய்த குறை. மனிதனிடம்தான் கேட்டு வாங்கவேண்டும்.

தாமதத்தில் நம் வீட்டுப் பங்கும் உண்டு. பிறந்தவுடன் சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீரையும் கழுதைப் பாலையும் வாயில் விடுகிறீர்களே, இந்தக் குழந்தைக்கு அது போவது வயிற்றுக்கல்ல, நுரையீரலுக்கு! துடைக்கத் துடைக்க வாயில் நுரை வரும். ஊட்டினால் இருமித் திணறும். உடம்பு நீலம் பூக்கும். உடனே காற்று பிடித்தது, பட்சி தோஷம் என்று மந்திரிக்கக் கூப்பிடுகிறீர்கள். அவன் வேப்பிலை அடித்து முடிப்பதற்குள் அரை நாள் போய்விடுகிறது.

தாய்மார்களுக்குச் சொல்லுகிறேன். அப்படி நுரை கண்டால் ஒரு சொட்டும் வாயில் விடாதீர்கள். தலைப்பக்கம் சற்று உயர்த்தி வையுங்கள். ஒரு மெல்லிய குழாயை வாய்வழியே விட்டுப் பார்க்கும்படி நர்சைக் கேளுங்கள். ஏறக்குறைய 10 சென்டிமீட்டரில் அது தட்டி நின்றால், ஒரு எக்ஸ்ரே படம் மீதியைச் சொல்லிவிடும். சென்னை எழும்பூரிலும் மதுரையிலும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இந்த ரண சிகிச்சை நடக்கிறது. 108-ஐக் கூப்பிட்டால் வண்டி வரும். அதற்கு ராகு காலம் கிடையாது.

ஆயுசு கெட்டியாக இருந்தால் தானாகவே பிழைக்காதா என்று அங்கே ஒரு பெரியவர் கேட்கிறார். ஐயா, 1697-லிருந்து 1939 வரை 242 வருஷம் ஆகிறது. அவ்வளவு காலத்தில் பிறந்த குழந்தைகளில் ஒன்றுக்குக்கூடவா ஆயுசு கெட்டியாக இல்லை? வேறு யாருக்காவது சந்தேகம் இருந்தால் எழுந்து கேட்கலாம்.