சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒரு சிற்பி

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



ஒரு வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். அதை நீங்கள் வேறு இடங்களில் கேட்டுக்கொள்ளலாம். இன்று நான் பாபரா ஹெப்வேர்த் என்ற ஆங்கிலேயச் சிற்பியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1903இல் யோர்க்‌ஷயரின் வேக்ஃபீல்ட் நகரில் பிறந்தவர். லீட்ஸ் கலைக்கல்லூரியில் ஹென்றி மூர் இவருடன் படித்தார். களிமண்ணில் மாதிரி செய்து கொடுத்துவிட்டு, கல்லைச் செதுக்கும் வேலையைத் தொழிலாளியிடம் விடுவது அன்றைய வழக்கம். அப்படிச் செய்யாமல் தாமே உளி பிடித்துக் கல்லின் போக்கை அறிந்து செதுக்கிய தலைமுறை இவர்களுடையது. 1930களின் தொடக்கத்தில் ஹெப்வேர்த் ஒரு கல்லின் நடுவே துளை இட்டார். அந்தச் சிற்பம் பின்னர் போரில் அழிந்துபோயிற்று. மூரும் சிறிது காலத்துக்குள் துளையிட்டார். யார் முதல் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. பெயர் என்னவோ நெடுங்காலம் மூருக்குத்தான் போனது. இதில் ஆச்சரியப்பட எங்களில் ஒருவருக்கும் எதுவும் இல்லை!

1934இல் அவருக்கு ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகள் பிறந்தன. மூத்த மகன் ஏற்கெனவே இருந்தான். திரும்பவும் உளியைக் கையில் எடுத்தபின், மனித உருவங்கள் போய், வெள்ளைப் பளிங்கில் ஒன்றையொன்று தொடாமல் அருகருகே இருக்கும் மூன்று வடிவங்கள் வந்தன. அது இப்போது டேற் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. தாயாக இருப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்த கதை அதற்குப் பத்து வருடங்களுக்குப் பிந்தியது. அந்த மூவரில் ஒருத்தியான சேரா என்ற மகளுக்கு 1944இல் என்பில் கிருமித்தொற்று ஏற்பட்டது. நாங்கள் ஒஸ்ரியோமயலைற்றிஸ் என்று சொல்லும் நோய். குழந்தைகளை மாதக்கணக்கில் படுக்கையில் போட்டுவிடக்கூடியது. இலவச தேசிய சுகாதார சேவை பிரித்தானியாவுக்கு வந்தது 1948 ஜூலையில்தான். அதற்கு முன் ஒரு சிற்பியின் குடும்பத்துக்கு வைத்தியச் செலவு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எக்ஸிற்றர் நகரில் மகளுக்கு வைத்தியம் பார்த்த நோர்மன் கேப்பனர் என்ற என்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் கலையில் ஈடுபாடு உள்ளவர். அவர்தான் ஹெப்வேர்த்தை, ஒருநாள் தியேட்டருக்குள் வந்து பாருங்கள் என்று அழைத்தார். முதலில் ஹெப்வேர்த்துக்குப் பயம். பிறகு போனார். போனவர் 1947 முதல் 1949 வரை எண்பது வரையிலான படைப்புகளை அந்த அனுபவத்திலிருந்து செய்தார்.

பலகையில் ஜெஸ்ஸோ என்ற வெண்பூச்சைப் பூசி, அதன்மேல் ஐதான எண்ணெய் வர்ணம் தடவி, சவர அலகால் சுரண்டி, பிறகு பென்சிலால் கோடு கீறுவார். அதாவது, ஓவியத்தையும் செதுக்கித்தான் செய்தார். படங்களில் இரத்தம் இல்லை. காயமும் அநேகமாகத் தெரிவதில்லை. முகமூடிக்கு மேலே கண்கள், அவற்றின் கீழே கைகள். தாதியரும் மயக்க மருந்து வைத்தியரும் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒரே வட்டமாக நிற்கிறார்கள். எவர் பெரியவர் என்று சொல்ல முடியாது. உண்மையான தியேட்டரில் அது நன்றாகவே தெரியும். அந்த விடயத்தில் ஹெப்வேர்த் எங்களைக் கொஞ்சம் நல்லவர்களாகக் காட்டிவிட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் எல்லாருடைய கவனமும் ஒரே புள்ளியில் சேரும் அந்த மௌனத்தை அவர் பிழையாகப் பார்க்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தவை காது அறுவை பற்றிய படங்கள். நடுச்செவியில் உள்ள ஏந்தியுரு என்ற சிற்றென்பு, ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் படம் கீறிப் பெயரிட்டோமே அதுதான், அசையாமல் இறுகிப்போனால் காது கேளாது. அக்காலத்தில் உட்செவியின் என்பில் புதிதாக ஒரு சிறு சாளரம் திறந்து ஒலிக்கு வழிவிட்டார்கள். கல்லில் துளையிட்ட பெண் ஒருவர், என்பில் துளையிடும் கைகளைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அவற்றில் ஒரு படத்தின் பெயரே ‘சுத்தியல்’. 1950களின் பிற்பகுதியில் ஏந்தியுருவையே அகற்றிச் செயற்கை உறுப்பு வைக்கும் முறை வந்தது. சாளரம் வெட்டும் அந்தச் சிகிச்சை வழக்கொழிந்தது. படங்கள் இருக்கின்றன.

அவருடைய பிற்காலப் புகழை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். விமான விபத்தில் இறந்த ஐ.நா. செயலாளர் நாயகம் டாக் ஹமர்ஷெல்ட் நினைவாக அவர் செய்த ஆறு மீற்றருக்கு மேற்பட்ட வெண்கலச் சிற்பம், 1964 முதல் நியூயோர்க் தலைமையகத்தின் முன் நிற்கிறது. அதிலும் ஒரு துளை உண்டு. 1975இல் சென்ற் ஐவ்ஸில் தமது வேலைக்கூடத்தில் ஏற்பட்ட தீயில் இறந்தார்.

வெறுமையும் ஒரு வடிவம்தான் என்ற அந்த எண்ணம் பின்வந்தவர்களிடம் வெவ்வேறு விதமாகத் தொடர்கிறது. ரேச்சல் வைட்ரீட் 1993இல் கிழக்கு லண்டனில் இடிக்கப்படவிருந்த ஒரு வீட்டின் உள்வெளியைக் கொங்கிறீற்றால் நிரப்பி, சுவர்களை அகற்றினார். மனிதர் வாழ்ந்த வெற்றிடம் திண்மமாக நின்றது. அதே ஆண்டில் ரேனர் பரிசைப் பெற்ற முதல் பெண் ஆனார். சில வாரங்களில் அந்தப் படைப்பை இடித்துவிட்டார்கள். கொலம்பியாவின் டோரிஸ் சல்சேடோ 2007இல் டேற் மொடேர்ன் கூடத்தின் தரையில் 167 மீற்றர் நீளத்துக்கு ஒரு வெடிப்பை உண்டாக்கினார். கண்காட்சி முடிந்தபின் அதை நிரப்பி மூடினார்கள். தழும்பு தரையில் இன்னும் தெரிகிறது. ஹெப்வேர்த்திடமிருந்து நேரே வந்தவர்கள் இவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் திறந்த வழியில்லாமல் இவர்களைப் புரிந்துகொள்வது எனக்குக் கடினமாக இருந்திருக்கும்.

ஏன் இதையெல்லாம் இங்கே சொல்கிறேன்? சாதாரண தரத்தில் எனக்கு விருப்பமான பாடம் சித்திரம். உயர்தரத்தில் உயிரியல் என்றதும் வர்ணப்பெட்டி அலுமாரிக்கு மேலே போயிற்று. டொக்டராகப் போகிற பிள்ளைக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இப்போது உள்ளகப் பயிற்சி வைத்தியர்களிடம் ஒரு காயத்தைக் கீறிக் காட்டுங்கள் என்று சொல்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள், எழுதச் சொன்னால் ஒரு பக்கம் எழுதுவார்கள். கீறச் சொன்னால்தான், எந்த ஓரத்தைப் பார்க்கவில்லை என்பது அவர்களுக்கே தெரிகிறது. திரும்பக் கட்டிலடிக்குப் போகிறார்கள்.

நூற்றாண்டு நிதியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று செயற்குழு எல்லாரிடமும் கேட்டிருக்கிறது. ஆய்வுகூடத்துக்கு உதவப் பலர் முன்வந்திருப்பது மகிழ்ச்சி. என் பங்கைச் சித்திர அறைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்: களிமண், பலகைகள், நல்ல வெளிச்சம். ஒரேயொரு வேண்டுகோள். உயர்தர உயிரியல், கணிதப் பிள்ளைகளுக்கும் வாரத்தில் ஒரு மாலையாவது அந்த அறையின் கதவு திறந்திருக்கட்டும்.